நாற்பத்தோராவது கட்டளை

ஜூன் 2, திங்கள்

நூற்று எழுபது என்றார் டாக்டர். ரத்தக் கொதிப்பு. கோபம் வந்தால் அடக்கக் கூடாது, சத்தமும் போடக் கூடாது, ஒரு நோட்டில் எழுதித் தீர்த்துவிட வேண்டும், உங்களைப் போன்ற எழுத்துக்காரருக்கு அதுதான் மருந்து என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "அவரு கோவத்தக் குறைங்கன்னு மட்டுந்தான சொன்னாரு" என்கிறாள் கோமு. கட்டிய மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் டாக்டர் சொல்வதுகூடக் குறைந்துபோகிறது. எப்படியோ, தைப் பொங்கலுக்கு உரக்கடைக்காரன் கொடுத்த டைரி காலியாகக் கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

முதல் கோபம் வடிவு மேல். என் அக்காள் மகள். இருபத்தேழு வயது, பாலிடெக்னிக். நானும் அவளும் வேலை பார்ப்பது பொன்னையா அண்ணாச்சியின் பத்திர ஆபீஸ். அண்ணாச்சி லைசென்ஸ் வாங்கிய பத்திர எழுத்தர். கிரயம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை என்று வருகிற பார்ட்டிக்கு நாங்கள் அடித்துக் கொடுக்கிறோம். நான் இருபத்திரண்டு வருஷத்தில் இருபதாயிரம் பத்திரம் அடித்தவன். எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் பதிவு ஆபீசில் புதிதாக வருகிற ஆட்கள் சந்தேகம் கேட்பது என்னிடம்.

மேற்படி வடிவு ஐந்து வருஷமாக 'ஏடு' என்று ஒன்று செய்திருக்கிறாள். கம்ப்யூட்டரில் எழுதுகிற பலகை, அதாவது எடிட்டர். மற்ற எடிட்டர் நாம் அடித்ததைக் காட்டும், அவ்வளவுதான். இது கட்டளை கொடுத்தால் வேலை செய்யும். வேண்டும் என்கிற கட்டளையைப் பிறகு சேர்த்துக்கொண்டே போகலாம். பாதி யோசனை என்னுடையது. (முக்கால்.)

இந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதி எங்கள் எழுத்தர் சங்கக் கூட்டம். பதினேழு ஆபீஸ். 'ஏடு' எல்லா ஆபீசுக்கும் போகுமா என்று அன்றைக்கு முடிவு. போனால் வடிவு தனியாக ஒரு மேசை, ஒரு போர்டு போட்டுக்கொள்ளலாம். சங்கம் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: ஏட்டோடு கூடப் பிறந்த அறுபத்து மூன்று உள்கட்டளைக்கும் விளக்கம் எழுதியிருக்க வேண்டும். இப்போது எதில் போய் விளக்கம் என்ற பட்டனைத் தட்டினாலும் "இதற்கு விளக்கம் எழுதப்படவில்லை" என்று வருகிறது.

எழுதுகிற பொறுப்பு எனக்கு. அதுவரை சந்தோஷம். பிறகு ஒரு தாளை நீட்டினாள். முதல் வரியில், கட்டளை என்ன செய்யும் என்று ஒரே வாக்கியம். அடுத்து, என்ன கொடுக்க வேண்டும். அடுத்து, என்ன கிடைக்கும். கடைசியில், எதைச் செய்யாது. அதற்குக் கீழே கோடு போட்டு: "கதை வேண்டாம் மாமா."

என்னிடம்.

ஜூன் 3, செவ்வாய்

முதல் கட்டளை, எண்எழுத்து. எண்ணைக் கொடுத்தால் எழுத்தில் தரும். நான் எழுதியது:

"2008-இல் கலெக்டர் ஒருவர் ஒரு பத்திரத்தில் நாற்பது என்பதை நானூறு என்று படித்துவிட்டு வெலவெலத்துப்போனபோது அடியேன் குறுக்கிட்டுக் காப்பாற்றியதை இந்த ஜில்லாவே அறியும். அப்படிப்பட்ட ஆபத்து இனி யாருக்கும் வராமலிருக்கும் பொருட்டு..."

வடிவு சிவப்புப் பேனாவை எடுத்தாள். எல்லாவற்றையும் அடித்துவிட்டு, கடைசியில் இருந்த "எண்ணை எழுத்தில் தரும்" என்பதை மட்டும் விட்டுவைத்தாள்.

"ஏட்டி, அந்தக் கலெக்டரு சங்கதி நெசம்."

"இருக்கட்டும் மாமா. பட்டனத் தட்டுறவன் முன்னால பார்ட்டி நிப்பாரு. அவனுக்கு மூணு செகண்டுதான். அதுக்குள்ள கலெக்டர் ஏன் வாராரு?"

"சுவாரசியம் வேண்டாமா?"

"வேண்டாம். நீங்க எழுதுறத நம்பி ஒருத்தன் கை வைப்பான். அவ்வளவுதான்."

தாளைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் சப்பாத்திக் கட்டை உடைந்தது. தானாக உடைந்தது.

ஜூன் 5, வியாழன்

பன்னிரண்டு விளக்கம் கொடுத்தேன். ஒன்பது திரும்பி வந்தது. கரண்டும் இல்லை.

ஜூன் 7, சனி

இன்றைக்கு ஆபீசில் ரகளை.

முப்பிடாதி என்று ஓர் அம்மாள். ஆடு வளர்க்கிறவள், ஐம்பது வயது இருக்கும், குரல் நாலு தெருவுக்குக் கேட்கும். ஏப்ரல் மாதம் ஆவுடையப்பன் என்பவரிடம் நாற்பத்திரண்டு சென்ட் வாங்கினாள். பத்திரம் எங்கள் ஆபீசில். நிலத்தின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு வண்டிப்பாதை. பாதைக்குக் கிழக்கே கிணறு, மேற்கே வெறும் பாறை. அவள் வாங்கியது கிணற்றுப் பக்கம். பத்திரத்திலோ "வண்டிப்பாதைக்கு மேற்கு" என்று இருக்கிறதாம். ஆவுடையப்பனின் தம்பிமார் நகல் எடுத்துப் பார்த்துவிட்டுக் கிணற்று வாசலைப் பூட்டிவிட்டார்கள். உன் நிலம் பாறை, போய்ப் பாறையில் மேய் என்று சொல்லிவிட்டார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காக எழுதி வைக்கிறேன். பத்திரத்தில் எல்லை எழுதுகிற முறை வேறு. வரைபடத்தில் நிலத்துக்கு மேற்கே பாதை இருந்தால், பத்திரத்தில் "பாதைக்குக் கிழக்கு" என்று எழுத வேண்டும். அதாவது நம் நிலம் பாதைக்குக் கிழக்கே கிடக்கிறது என்று அர்த்தம். படத்தைப் பார்த்து நாலு திசையையும் திருப்பிப் போட வேண்டும். அதற்குத்தான் எல்லைமாற்று என்று ஒரு கட்டளை, நம்பர் நாற்பத்தொன்று. இந்த நிலத்தில் மற்ற மூன்று பக்கமும் ஆவுடையப்பன் நிலமே. எப்படித் திருப்பினாலும் அதே பெயர்தான் வரும். அதனால்தான் படிக்கும்போது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"ஏன்யா, நான் என்ன ஆட்டுக்குப் பாறையக் கரைச்சா ஊத்துவேன்? கையெழுத்துப் போடையில வாசிச்சுக் காட்டுனீயளே, மெயில் வண்டி மாதிரில்ல வாசிச்சீய! ஒரு எழவும் வெளங்கல!"

அண்ணாச்சி எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்று நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். "இத அடிச்சது யாரு? எவனாயிருந்தாலும் இந்த ஆபீஸ்ல இனி கீபோர்டத் தொடக் கூடாது."

ஆபீசில் அடிப்பது நானும் வடிவும் மட்டும். நான் அப்போது டீ சொல்ல வெளியே போயிருந்தேன். போய்க்கொண்டிருந்தேன். வாசற்படியில் கேட்டது, வடிவு சொல்கிறாள்: "கட்டளையில ஏதும் கோளாறான்னு பாக்கேன் அண்ணாச்சி. எனக்கு டைம் குடுங்க."

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

ஜூன் 8, ஞாயிறு

கறி எடுத்தேன். எலும்பாகப் போட்டுவிட்டான். போய்ச் சண்டை போட்டேன். மிக்சி ஜாரைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன், அவனோடும் சண்டை. மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவனோடு ஒன்றும் இல்லை, அவன் முந்திக்கொண்டு போய்விட்டான்.

"இன்னிக்கி என்ன, ஊரையே அடிச்சிட்டு வந்தாப்ல இருக்கீங்க?" என்றாள் கோமு.

"முப்பதாயிரம் பத்திரம் அடிச்சவனுக்கு மரியாத இல்ல இந்த ஊர்ல."

"போன வாரம் இருபதாயிரம்னீங்க."

ஜூன் 10, செவ்வாய்

முப்பத்தெட்டு விளக்கம் ஒப்பேறிவிட்டது. அவள் சொல்கிறபடியே எழுதுகிறேன், வறட்டு வறட்டு என்று. சங்கத்துக்காரருக்குப் புரிவதற்காக முன்னுரை ஒன்று போட்டேன்: உள்கட்டளை என்பது வீட்டோடு பிறந்த பிள்ளை, பின்னால் சேர்த்த கட்டளை என்பது கட்டிக்கொண்டு வந்த மருமகள், வீட்டுப் பிள்ளையை வெளியே அனுப்ப முடியாது, மருமகள் பிடிக்காவிட்டால் கிளம்பிப் போகலாம் என்று. மாலை போட்டு வரவேற்க வேண்டிய வாக்கியம். வடிவு படித்துவிட்டு இரண்டு நிமிஷம் சிரித்தாள், பிறகு அடித்துவிட்டாள். சிரித்ததை எதற்கு அடிக்க வேண்டும்?

"மாமா, நாப்பதுக்கு அப்புறம் நாப்பத்திரெண்டு இருக்கு. நாப்பத்தொண்ண விட்டுட்டீங்க."

"எல்லைமாத்துதான? அது எல்லாருக்கும் தெரிஞ்சது. கடைசில எழுதிக்கிடலாம்."

"சரி மாமா."

அந்த 'சரி மாமா' இருக்கிறதே, அதைப் போல எரிச்சல் மூட்டுவது உலகத்தில் வேறு இல்லை.

ஜூன் 12, வியாழன்

இன்றைக்கு எழுதியது சுவடு என்கிற கட்டளை. ஒரு பத்திரத்தைத் திறந்து சுவடு என்று கொடுத்தால், அதை யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, என்னென்ன கொடுத்து அடித்தார் என்று வரிசையாகக் காட்டும். இப்படி ஒன்று உள்ளே உட்கார்ந்திருப்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது. வீட்டுக்குள் வேவு வைத்த மாதிரி இருக்கிறது.

விதிப்படி ஏதாவது ஒரு பத்திரத்தில் போட்டுச் சோதித்தேன். வேலை செய்கிறது.

நான் எழுதிய விளக்கம்: "சுவடு: பத்திரம் அடித்த விவரத்தைக் காட்டும். ஒரு மாதத்துக்கு மேல் பழைய பத்திரத்தில் நம்ப முடியாது. அவசியமானது அல்ல."

வடிவு படித்தாள். பேனாவை எடுக்கவில்லை.

"எந்தப் பத்திரத்துல போட்டுப் பாத்தீங்க மாமா?"

"ஏதோ ஒண்ணு."

"ஒரு மாசந்தான்னு நான் வைக்கலையே. எத்தன வருசமானாலும் காட்டும்."

"அப்பம் நீயே எழுதிக்கோ! ஜப்பான்ல இருந்து ஒருத்தன் வந்து நான் அடிக்கிற வேகத்தப் பாத்து போட்டோ புடிச்சிட்டுப் போனான், எனக்கு நீ பாடம் எடுக்காத!"

அவள் அந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் அடித்துவிட்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினாள். முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் மாத்திரையை இரண்டாகப் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 14, சனி

ஆவுடையப்பன் வந்தார். வெள்ளை வேட்டி, தணிந்த பேச்சு. சண்டைக்கு வந்தவர் என்றால் கை வைத்திருப்பேன், அவர் அப்படி இல்லை.

"அண்ணாச்சி, நான் வித்தது கெணத்துப் பக்கந்தான். சாமி மேல ஆணையாச் சொல்லுதேன். பெழதிருத்தல் பத்திரத்துல கையெழுத்துப் போட நான் ரெடி. ஆனா தம்பிமாரு, அண்ணன் அந்தப் பொம்பளைக்குப் பரிஞ்சி கெணத்தச் சும்மா குடுத்துட்டான்னு சொல்லுதானுவ. யாரு தப்புன்னு ஒங்க ஆபீஸ்ல எழுதிக் குடுங்க. பேரு போட்டு. நான் அவனுவ மூஞ்சில காட்டிட்டுக் கையெழுத்துப் போடுதேன். ஒண்ணாந் தேதி பம்பாய்க்கு வண்டி ஏறணும். அதுக்குள்ள."

அண்ணாச்சி வடிவைப் பார்த்தார். வடிவு எழுந்தாள்.

"கட்டளையிலதான் தப்பு அண்ணாச்சி. என் தப்பு. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"சங்கத்துக்கு இது போனா ஒன் ஏட்ட எவனும் சீண்ட மாட்டான், தெரியும்லா?"

"தெரியும்."

"ஆயிரம் பத்திரத்துக்கு எல்லை எழுதுற கட்டள. அதுல தப்புன்னா மத்ததுலயும் தப்புதாம்பான்."

"தெரியும் அண்ணாச்சி."

இதை எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. கோபம்தான். தப்பாமே! என் மருமகள் செய்ததில் தப்பாமே! முக்கால் யோசனை என்னுடையது! நாற்பது விளக்கத்தில் நான் கையெழுத்துப் போடாத குறையாக உத்தரவாதம் கொடுத்திருக்கிறேன். இவள் யார் அதில் தப்பு என்று சொல்ல?

ஜூன் 15, ஞாயிறு

லீவு நாளில் சாவி வாங்கிப் போய் ஆபீசைத் திறந்தேன். எல்லைமாற்றை நாற்பது தடவை ஓட்டினேன். மேற்கே பாதை என்று கொடுத்தால் பாதைக்குக் கிழக்கு என்று வருகிறது. வடக்கே ஓடை என்றால் ஓடைக்குத் தெற்கு. கிழக்கே கோவில் என்றால் கோவிலுக்கு மேற்கு. நாற்பதிலும் சரி.

நான்தான் சொன்னேனே.

ஜூன் 17, செவ்வாய்

அவளைத் தனியாகப் பிடித்தேன், ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில்.

"ஏட்டி, அந்தக் கட்டளையில ஒரு தப்பும் இல்ல. நாப்பது மட்டம் பாத்துட்டேன். என்னத்துக்கு இல்லாத தப்ப இருக்குங்க?"

"தப்பு இல்லையா மாமா?"

"இல்ல."

"அப்போ பத்திரம் எப்படித் தப்பா வந்துச்சு?"

மெஷினில் தாள் சிக்கிக்கொண்டது. இழுத்தேன், கிழிந்தது.

"சொல்லுங்க மாமா. கட்டள சரி. வரைபடம் சரி. பெறகு?"

"எனக்கென்ன தெரியும்? டீ சொல்லிட்டு வாரேன்."

"நீங்க டீய கொறைக்கணும்னு அத்த சொன்னாங்க" என்றாள். குரல் சரியாக இல்லை. அழுகிற குரலும் இல்லை, கோபப்படுகிற குரலும் இல்லை. சின்ன வயசில் கண்ணாமூச்சி விளையாடும்போது, நான் ஒளிந்திருக்கிற இடம் தெரிந்தும் தெரியாத மாதிரி வேறு பக்கம் தேடுவாள். அந்த நடையில் போனாள்.

அதை நினைத்ததும் இன்னும் கோபம் வந்தது. ஐம்பத்தெட்டு வயசு ஆம்பிளைக்கு யார் விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள்?

ஜூன் 18, புதன்

ஒரு லட்சம் பத்திரம் அடித்தவன்.

ஜூன் 20, வெள்ளி

நிலத்தைப் பார்க்கப் போனேன். எதற்கு என்றால், விளக்கம் எழுதுகிறவன் இடத்தைப் பார்க்க வேண்டும். என்னைப் போட்டோ பிடிக்க வந்த ஜப்பான்காரர் இரண்டு பேரும் அப்படித்தான் செய்வார்களாம்.

பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர். வண்டிப்பாதை படத்தில் இருக்கிறபடியே இருக்கிறது. கிழக்கே கிணறு, கம்பிக் கதவு, பூட்டு. புதுப் பூட்டு. மேற்கே பாறை, அதன் மேல் பதினைந்து இருபது ஆடு வெயிலில் நின்றுகொண்டிருந்தன. முப்பிடாதி ஊருணியிலிருந்து இரண்டு குடம் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் பார்க்கும்போதே ஒரு குடத்தைத் தொட்டியில் ஊற்றி முடிப்பதற்குள் ஆடுகள் தொட்டியைக் காலி செய்துவிட்டன.

"ஆபீஸ்ல இருந்து வந்தீயளா? அளக்கவா?"

"சும்மா, பாக்க."

"நல்லாப் பாத்துக்கிடுங்க. ஒரு நாளைக்கி எட்டு நடை. ரெண்டு மாசமா. இந்தக் காலப் பாருங்க."

பார்த்தேன்.

"அந்தப் பிள்ள, கண்ணாடி போட்ட பிள்ள, வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேட்டிச்சு. அதையும் போட்டு வஞ்சுட்டேன். பெறகு பாத்தா, ரெண்டு நடை எனக்குக் கொடம் தூக்கிட்டுப் போகுது. அது தப்பு பண்ணுன மொகமா தெரியல. எனக்கு ஒரே ஒரு ஆச. அத எழுதுன கைய ஒரு தடவ பாக்கணும். மோதிரம் போட்ட கையா, என்ன கைன்னு."

நான் கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன். மோதிரம் போட்டிருந்தேன்.

"தண்ணி குடிக்கீயளா?"

வேண்டாம் என்றேன். எட்டு நடைத் தண்ணீர். குடிக்க முடியுமா? ஆனாலும் செம்பை நீட்டிவிட்டாள். குடித்தேன். இந்த ஊரில் ஒருவருக்கும் யாரிடம் எப்படிக் கோபப்பட வேண்டும் என்றே தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஒன்றும் இல்லை. கோமு கேட்டாள், ஏன் சத்தமே இல்லை என்று.

ஜூன் 23, திங்கள்

நாற்பத்தோராவது கட்டளைக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தடவை எழுதியது: "எல்லைமாற்று ஓர் அற்புதம்." கிழித்தேன். இரண்டாம் தடவை: "சில நேரங்களில், சில சூழ்நிலைகளில், சிலருக்கு..." அதையும் கிழித்தேன். பொய்யாக எழுதினால் கை நன்றாக ஓடுகிறது, எனக்கே ஆச்சரியம். மூன்றாம் தடவை அவள் கொடுத்த தாளை எதிரே வைத்துக்கொண்டேன். என்ன செய்யும். என்ன கொடுக்க வேண்டும். என்ன கிடைக்கும். எதைச் செய்யாது.

அன்றைக்கு நடந்தது இதுதான். இருபத்திரண்டு வருஷமாக வரைபடத்தைக் கண்ணால் பார்க்கும்போதே என் தலை திசையைத் திருப்பிவிடும். மேற்கே பாதை என்று கண் பார்க்கும், கிழக்கு என்று கை எழுதும். நடுவில் நான் இல்லை. எல்லைமாற்று வந்த பிறகும் நான் அதைத் தொட்டதில்லை, எனக்கு எதற்கு? ஏப்ரல் ஒன்பதாம் தேதி அண்ணாச்சி பின்னால் வந்து நின்று, "வடிவு செஞ்சத ஒருக்காப் போட்டுத்தான் பாருமேன்" என்றார். போட்டேன். பழக்கத்தில் கிழக்கே பாதை என்று திருப்பியே கொடுத்தேன். அது தன் பங்குக்கு இன்னொரு தடவை திருப்பி, பாதைக்கு மேற்கு என்று தந்தது. இரண்டு பேரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்தோம். நான் படித்துப் பார்க்கவில்லை. முப்பிடாதிக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான்.

சுவட்டில் இருக்கிறது. 11.42 மணி. கு.லி., என் பெயரின் சுருக்கம்.

பன்னிரண்டாம் தேதியே பார்த்துவிட்டேன். அவள் எப்போது பார்த்தாள் என்று கேட்கவில்லை. ஏழாம் தேதியே பார்த்திருப்பாள்.

விளக்கத்தை எழுதி முடித்தேன். இந்த ஒன்றுக்குத்தான் அதிக நேரம் ஆனது, அரைப் பக்கம்கூட இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

வடிவிடம் தாளைக் கொடுத்தேன். வாசித்தாள். மறுபடி வாசித்தாள். சிவப்புப் பேனா மூடியைக் கழற்றி, திரும்ப மாட்டினாள்.

"இதுல கலெக்டரு வரலையே மாமா."

"வாய மூடுட்டி."

"அண்ணாச்சி உங்கள..."

"அண்ணாச்சி கெடக்காரு. நீ எவன் கேட்டு என் தப்ப எடுத்துக்கிட்ட? ஒனக்கு யாரு குடுத்தா உரிம? ஒரு மனுசன் இருபத்திரெண்டு வருசமா சம்பாதிச்சது, நல்லதோ கெட்டதோ, அவன் பேர்லதான் கெடக்கணும். செட்டில்மெண்ட் எழுதிக் குடுத்தேனா ஒனக்கு?"

நன்றாகவே சத்தம் போட்டேன். ஜன்னல் வழியாக எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். வடிவு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், அது சுத்தமாகத்தான் இருந்தது.

"அப்பா போனப்புறம் பாலிடெக்னிக்குக்கு ஃபாரம் வாங்கிட்டு வந்தது நீங்கதான். அப்ப நீங்க எனக்குக் காட்டுன திசை சரியாத்தான் இருந்துச்சு மாமா" என்றாள்.

இந்தப் பெண்ணோடு சண்டைகூட ஒழுங்காகப் போட முடியாது.

ஜூன் 26, வியாழன்

பிழைதிருத்தல் பத்திரம் பதிவானது. ஆவுடையப்பன் கேட்ட தாளை நானே அடித்தேன். "மேற்படி பிழை அடியிற் கண்ட குற்றாலிங்கம் ஆகிய என்னால் நேர்ந்தது. மேற்படி ஆவுடையப்பன் பேரில் யாதொரு குற்றமும் இல்லை." கையெழுத்து, தேதி. தம்பிமார் இருவரும் வந்து எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். மூத்தவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீருதானா?" என்றான். நான்தான் என்றேன். சாவியை மேசையில் வைத்தான்.

முப்பிடாதி என் கையைப் பார்த்தாள். மோதிரத்தைப் பார்த்தாள். நான் மறைக்கவில்லை.

"அன்னிக்கித் தண்ணி குடிச்சீயளே" என்றாள். அவ்வளவுதான். நாலு தெருவுக்குக் கேட்கிற குரல், எனக்கு மட்டும் கேட்டது.

அண்ணாச்சி சொன்ன சொல் மாறாதவர். என் கீபோர்டை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினார். "சொன்னது சொன்னதுதான் குற்றாலிங்கம்" என்றார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு பதினைந்து வருஷம் இருக்கும். எப்போதும் 'வே' என்பார். நான் எழுந்து பையை எடுத்தேன். "எங்க போறீரு? கீபோர்டத்தான் தொடக் கூடாதுன்னேன். ஆபீஸ்ல வாய் இருக்குல்லா ஒமக்கு? பார்ட்டிக்கு வாசிச்சுக் காட்டும். மெயில் வண்டி மாதிரி வாசிச்சீரு, அதையும் புடுங்கிருவேன்."

வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்தேன். நூற்று ஐம்பது. மெஷின் பழுது.

ஜூன் 29, ஞாயிறு

சங்கக் கூட்டம். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால். பதினேழு ஆபீசிலிருந்தும் வந்திருந்தார்கள். சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, அதில் படம் காட்டினாள் வடிவு. தலைவர் சங்கரபாண்டியன் அரை மணி நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரிம்மா. எல்லை எழுதுறதுல கோளாறுன்னு ஒரு பேச்சு அடிபட்டுதே?"

வடிவு என்னைப் பார்த்தாள்.

"விளக்கம் பட்டனத் தட்டும்மா" என்றேன், பின்வரிசையிலிருந்து. எழுந்து நின்றே சொன்னேன்.

தட்டினாள். வேட்டி முழுக்க வந்தது:

"எல்லைமாற்று: நிலத்தின் நான்கு பக்கமும் இருப்பதைக் கொடுத்தால், பத்திர முறைக்குத் திசையைத் திருப்பித் தரும்.

கொடுக்க வேண்டியது: வரைபடத்தில் உள்ளது உள்ளபடி. மேற்கே பாதை என்றால் மேற்கே பாதை.

கிடைப்பது: பாதைக்குக் கிழக்கு.

செய்யாதது: நீங்கள் மனசுக்குள் ஏற்கெனவே திருப்பிவிட்டீர்களா என்று இதற்குத் தெரியாது. பழைய ஆட்கள் கவனிக்கவும். ஏப்ரல் 9 அன்று குற்றாலிங்கம் திருப்பிக் கொடுத்தார், இது மறுபடி திருப்பியது. ஆடு ஒரு பக்கம், கிணறு ஒரு பக்கம் ஆனது. வந்ததைப் படித்துப் பார்க்கவும்."

முன்வரிசையில் ஒருவன், சின்ன வயசு எழுத்தன், களுக்கென்று சிரித்தான். அவனை நான் முறைத்தேன். அதற்குள் அவன் பக்கத்தில் இருந்த பெரியவர், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், தொடையில் தட்டிக்கொண்டார்.

"சிரிக்காதல. நானும் இப்படித்தான் குடுத்திருப்பேன். கண்ணு பாக்கும்போதே மண்ட திருப்பிருமே! இத மொதல்லயே எழுதி வச்சாரே புண்ணியவான்."

இன்னும் நாலைந்து தலைகள் ஆடின. ஆடாத தலையும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கடைசியில் பதினொரு ஆபீஸ் 'ஏடு' வேண்டும் என்றது. ஆறு பேர் யோசிக்கிறார்களாம். யோசிக்கட்டும், அவர்களுக்குப் பழக்கமில்லாத வேலை.

ஆக, இனிமேல் பதினொரு ஆபீசில் எவன் அந்தப் பட்டனைத் தட்டினாலும் என் பெயர் வரும். உலகத்தில் எந்த எடிட்டரிலாவது உள்கட்டளைக்குள் மனுசன் பெயர் இருக்கிறதா? ஜப்பானில் கூட இருக்காது. சாப்பாட்டுப் பந்தியில் மூன்று பேரிடம் சொன்னேன். நாலாவது ஆளிடம் சொல்வதற்குள் வடிவு என் இலையில் இன்னொரு அப்பளம் வைத்துவிட்டாள், வாயை அடைக்க.

ஜூன் 30, திங்கள்

காலையில் முதல் பார்ட்டி ஒரு பெரியவர், மகளுக்கு அரை ஏக்கர் எழுதி வைக்க வந்தவர். அடித்தது வடிவு. வாசித்துக் காட்டுவது நான். அவரை வாசலுக்குக் கூட்டிப் போய் சூரியனைப் பார்த்து நிற்க வைத்தேன்.

"அய்யா, மொகத்துக்கு நேரா என்ன இருக்கு, உங்க நெலத்துல?"

"கோவிலு."

"எடது கைப் பக்கம்?"

"ஓட."

நாலு பக்கமும் அவர் கையை நீட்டி நீட்டிச் சொல்ல, நான் பத்திரத்தில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து நிறுத்தி வாசித்தேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். உள்ளேயிருந்து அண்ணாச்சி குரல்: "என்னவே அங்க, டிரில் மாஸ்டர் வேலையா நடக்கு?" 

வே என்றார்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. பெரியவர் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் கோமு கேட்டாள், இன்றைக்கு எத்தனை பத்திரம் என்று. வாய் வரைக்கும் பன்னிரண்டு என்று வந்துவிட்டது.

ஒன்று என்றேன்.